டோக்கன் தீர்ந்த நாள்

மாமனாரின் வலது கை அவள் மடியில் கிடந்தது. நகவெட்டியைக் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் வைத்து, சதை மாட்டிக்கொள்ளாமல் சிறுகச் சிறுக வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த கை தானாக மூடிக்கொள்ளும். நகம் வளர்ந்தால் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கிவிடும். அந்த வீட்டில் அவரைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, மருந்து, சாப்பாடு எல்லாம் வீட்டு நர்ஸான என் பொறுப்பு. நகம் வெட்டுவதை மட்டும் அவள் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. “இந்த ஒரு வேலையாவது நான் செய்யறேன் சிஸ்டரம்மா. இல்லேன்னா இந்த வீட்டுல நான் லாட்ஜுல தங்கியிருக்கற மாதிரி ஆயிடும்” என்பாள்.

ஜன்னல் விளிம்பில் இருந்த கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

“எடு மேனேஜர். உன் பாங்கு தீப்பிடிச்சிருக்கும்” என்றார் மாமனார். அவருக்குப் பேச்சு குழறும். பழகிய எங்களுக்குப் புரியும் என்பதால் நேராகவே எழுதுகிறேன்.

“கை ஆட்டாதீங்க மாமா. ரத்தம் வந்தா சிஸ்டரம்மா என்னைத் திட்டுவாங்க.”

“தீப்பிடிச்சா முதல்ல என் பணத்தை வெளிய போடச் சொல்லு.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கூடத்தில் அவள் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, “இங்க வா, உங்க பாங்கு பேர் சொல்றான்” என்று கூப்பிட்டார். அவள் போகவில்லை. இன்னும் மூன்று விரல்கள் பாக்கி இருந்தன. அவற்றை முடித்து, வெட்டிய நகத்தைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் கைபேசியை எடுத்தாள்.

அவள் ஒரு சின்ன பாங்கின் கிளை மேனேஜர். தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. அடுக்குமாடி வீடு கட்டி விற்கும் ஒரே முதலாளிக்குத் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் அளவுக்கு மீறிக் கடன் கொடுத்திருந்தார்கள். அவர் கட்டிய கட்டடங்கள் பாதியில் நின்றுபோய், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார். இதைத்தான் அன்று காலை செய்தியில் சொன்னார்கள். அந்தக் கடனில் அவள் கையெழுத்து எங்கும் இல்லை. அவள் கிளையில் கொடுத்ததெல்லாம் தையல் இயந்திரம், ஆட்டோ, கல்லூரிச் சம்பளம் போன்ற சில்லறைக் கடன்கள். அவையெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

பாங்கில் எழுத்தராகச் சேர்ந்த காலத்தில் அவளுக்கு ‘டோக்கன்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வரிசையில் வருகிறவர்களுக்கு முறைப்படி கொடுக்கும் வட்ட வட்டமான பித்தளை வில்லைகள், நடுவில் எண் செதுக்கியவை, ஒரு தகர டப்பாவில் இருக்கும். மற்றக் கிளைகளெல்லாம் சுவரில் எண் எரியும் பலகைக்கு மாறிய பிறகும் அவள் டப்பாவை விடவில்லை. மின்சாரம் போனாலும் பித்தளை போகாது என்பாள். அதற்கு அவளிடம் வேறு காரணமும் இருந்தது. ஒருமுறை எனக்கே சொன்னாள். “காத்திருக்கறதுல யாருக்கும் கோபம் வராது சிஸ்டரம்மா. பின்னாடி வந்தவன் முன்னாடி போனாத்தான் வயிறு எரியும்.” வீட்டிலும் அப்படியே. குளிக்கப் போவதற்குக்கூட அந்த வீட்டில் முறை உண்டு. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். “எனக்கு டோக்கன் எப்போ வரும்?” என்று குளியலறை வாசலில் துண்டோடு நின்று கேட்பார்.

கைபேசியில் பேசியது அவளுடைய மேலதிகாரி. பேச்சு எனக்குக் கேட்டது, அவ்வளவு கத்தினார். சிரித்த முகமாக இருக்க வேண்டும். எல்லாக் கவுண்டரும் திறந்திருக்க வேண்டும். நோட்டுக்கட்டுகளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஜனங்கள் பார்க்கும்படி அடுக்க வேண்டும். ஆனால் கொடுப்பதைச் சின்ன நோட்டாகக் கொடுத்து, ஒவ்வொரு கட்டையும் இரண்டு தடவை எண்ண வேண்டும்.

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். “சிரிக்கவும் சொல்றாங்க, இழுத்தடிக்கவும் சொல்றாங்க. ரெண்டையும் ஒரே மூஞ்சில எப்படிச் செய்யறதுன்னு சொல்லல.”

“எங்க வார்டுல தினமும் செய்வோம்” என்றேன்.

மதியத்துக்கு முன்னால் எனக்கு அழைப்பு வந்தது. “சிஸ்டரம்மா, வரிசையில ஒருத்தங்க மயங்கி விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். பிரஷர் கருவியோட கொஞ்சம் வர முடியுமா?” அவள் கணவர் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். கடையைத் திறக்க நேரமாகிறது என்று முணுமுணுத்தார். நான் கருவியைப் பையில் போட்டேன். என் பாஸ்புக்கையும் போட்டேன்.

அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு வாசல் கிடையாது. முதியோர் இல்லம் ஒன்றில் தரைத்தளத்து அறையைப் பார்த்து வைத்திருந்தேன். குளியலறையில் கைப்பிடி இருந்தது, கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருந்தது, இரவு மணி அடித்தால் ஆள் வந்தார்கள். அடித்துப் பார்த்தேன். வயதானவர்களைப் பார்த்துப் பார்த்தே பிழைத்தவள் நான். எந்த இடத்தில் எப்படி விழுவோம் என்று எனக்குத் தெரியும். முன்பணத்தின் மீதியை அந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும். அந்தப் பணம் முழுவதும் அவள் கிளையில் இருந்தது. அவள் சொல்லித்தான் அங்கே போட்டேன்.

பாங்கு இருந்த தெருவுக்குள் ஆட்டோ நுழைய முடியவில்லை. நடைபாதை நெடுக நாற்காலிகள். திருமண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து அவள் வரவழைத்தவை. வயதானவர்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று முதலில் சில நாற்காலிகள் போட்டிருக்கிறாள். போட்டதும் நிறைந்துவிட்டன. இன்னும் வரவழைத்தாள். அவையும் நிறைந்தன. எல்லார் கையிலும் டோக்கன். பித்தளை தீர்ந்துபோய் அட்டையை வெட்டி எண் எழுதிக் கொடுத்திருந்தாள்.

நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போகும்போது காதில் விழுந்தது.

“என்னங்க வரிசை இது?”

“தெரியல. டோக்கன் குடுத்தாங்க, வாங்கிட்டேன்.”

“இந்த பாங்குல கணக்கு இருக்கா உங்களுக்கு?”

“என் மச்சானுக்கு இருக்கு. வந்துக்கிட்டிருக்கான்.”

பேருந்து ஒன்று மெதுவாகத் தெருவைக் கடந்தது. ஜன்னலில் இருந்தவர்கள் நாற்காலிகளைப் பார்த்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பாஸ்புக்கோடு ஓடி வந்தார்கள். நின்றுகொண்டிருந்தால் கால் கடுத்துப் பாதிப் பேர் போயிருப்பார்கள். உட்கார வைத்ததால் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் இடம் போய்விடும். கூட்டத்தை ஒழுங்காக வைக்க அவளுக்குத் தெரிந்தது இந்த ஒரே வழிதான். அந்த வழியாலேயே கூட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கடைசி நாற்காலி எங்கே முடிகிறது என்று பார்த்தபோது அவளுக்கே அது புரிந்துவிட்டது. என்னைக் கண்டதும், “நானே பந்தி போட்டுக் கூப்பிட்டுட்டேன், இல்ல?” என்றாள்.

“நோயாளி எங்க?” என்றேன்.

விழுந்தவள் சர்க்கரை நோயாளி. இடம் போய்விடுமென்று காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஊழியர்கள் சாப்பிடும் அறையில் பெஞ்சில் படுக்க வைத்து, சர்க்கரைத் தண்ணீரை மெதுவாகக் குடிக்க வைத்தேன். கண் திறந்ததும் கையை விரித்துப் பார்த்தாள். அட்டை நசுங்கிப்போய் இருந்தது. “நம்பர் தெரியுதாம்மா?” என்று என்னைக் கேட்டாள். தெரிகிறது என்றேன். மறுபடி மூடிக்கொண்டாள்.

அந்த அறைக்கும் மேனேஜர் அறைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. அதன் வழியே நான் பார்த்தபோது உள்ளே புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். பாங்குகளை மேற்பார்வை செய்யும் அலுவலகத்து ஆட்கள். இளையவன் மடிக்கணினியைத் திறந்து மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். பெரிய அதிகாரி உட்காரவில்லை. சட்டைக்கு மேலேயே இடுப்புப் பட்டை கட்டியிருந்தார். அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றார். முதுகெலும்பில் வட்டு நழுவியவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். பயணத்திலேயே பல நாள் கழிந்திருக்க வேண்டும். சட்டை அவர் தூங்கிய சட்டை.

அவர் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். குரல் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே ஒரு பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. அதை வைத்துவிட்டு வேறு பேனா எடுத்தாள். அதிகாரி சுடுதண்ணீர் கேட்டார் போலிருக்கிறது. கடைநிலை ஊழியர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரை அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அங்கே பேசியது என்ன என்று பின்னால் அவளே எனக்குச் சொன்னாள். மறுநாள் காலையிலிருந்து ஒரு கணக்கிலிருந்து எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு. பெரிய பாங்கு ஒன்று இந்த பாங்கை எடுத்துக்கொள்ளும் வரை அந்த வரம்பு இருக்கும். யார் பணமும் போகாது, ஆனால் நாள் ஆகும். மாலைச் செய்தியில் அறிவிக்கும் வரை கிளைக்குள் இது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

“முன்கூட்டியே தெரிஞ்சவன் எடுத்துட்டுப் போயிடுவான். தெரியாதவனுக்குக் கொடுக்க ஒண்ணும் இருக்காது” என்றாராம் அதிகாரி. “உங்க வீட்டுக்காரங்க கணக்கும் இங்கதான் இருக்கும். இருக்கத்தானே செய்யும். நான் அதைக் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க.”

அவள் அவரைப் பார்த்திருக்கிறாள். “இந்த வாரம் இதைப் பல கிளையில படிச்சுக் காட்டிட்டேன்மா. எல்லாரும் என்னை இப்படித்தான் பாத்தாங்க” என்றாராம்.

அவள் அறையை விட்டு வெளியே வந்து, நான் இருந்த அறையின் குழாயில் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். நான் கேட்டேன்.

“கூட்டம் குறையற மாதிரி தெரியல. நான் என் பணத்தை இன்னிக்கே எடுத்துடட்டுமா?”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டே சொன்னாள். “டோக்கன் தீர்ந்துடுச்சு சிஸ்டரம்மா. வாசல்ல புதுசா யாரையும் சேக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“நான் டோக்கன் கேக்கல. எடுக்கணுமா வேண்டாமான்னு கேக்கறேன்.”

துண்டு முகத்தை விட்டு இறங்கவில்லை.

“தீர்ந்துடுச்சு.”

நோயாளியின் வீட்டாரிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று பெரிய மருத்துவர் உத்தரவு போட்டுவிட்டுப் போன பிறகு, நாங்கள் படுக்கைக்குப் படுக்கை இப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டு போவோம். கேட்டதற்குப் பதில் வராது. பக்கத்தில் உள்ள ஒன்றுக்கு வரும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பெஞ்சில் கிடந்தவளின் பிரஷரை மறுபடி பார்த்தேன்.

சிறிது நேரத்தில் வெளியே ஆரவாரம் கேட்டது. துப்பாக்கிக்காரர் காவலோடு பணவண்டி வந்து நின்றது. அன்று மாலை வரை டோக்கன் வாங்கிய எல்லோருக்கும் கொடுத்து முடிக்கும் அளவுக்கு மேற்பார்வை அலுவலகமே ஏற்பாடு செய்து அனுப்பியது. பெட்டிகள் இறங்குவதை ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சிலர் கைதட்டினார்கள்.

அந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்த தையல்காரர் ஒருவர் கவுண்டர் வரை வந்துவிட்டிருந்தார். பித்தளை டோக்கன் வைத்திருந்தார். பெட்டிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து மேனேஜரம்மாவிடம் வந்தார்.

“நான் எடுக்கணும்னு வரல மேடம். பாக்கத்தான் வந்தேன். டோக்கனைக் கையில குடுத்துட்டீங்களா, எடுக்காமப் போனா வீட்டுக்காரி உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாளேன்னு உக்காந்திருந்தேன். இப்பதான் வண்டி வண்டியா வருதே. பொண்ணு கல்யாணத்துக்கு வச்ச காசு, அது பாட்டுக்கு இங்கயே கிடக்கட்டும். இந்தாங்க உங்க டோக்கன்.”

அவள் கையை நீட்டினாள். அவர் வில்லையை உள்ளங்கையில் வைத்தார். அவள் வாய் திறந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதிகாரி அலமாரியில் சாய்ந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க” என்றாள்.

அவரைப் பார்த்து இன்னும் இரண்டொருவர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் கதவருகில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் கையில் இப்போது டோக்கன் இருந்தது. என்னைப் பார்த்தாள். அவற்றைத் தகர டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினாள்.

நான் வீட்டுக்குத் திரும்பினேன். பெரியவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. மகன் அவரை ஒரே பக்கமாகப் படுக்க வைத்திருந்ததில் இடுப்பு சிவந்துபோயிருந்தது.

மாலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வரம்பு என்ன, எந்தத் தேதியிலிருந்து, எந்த பாங்கு எடுத்துக்கொள்ளப் பேச்சு நடக்கிறது எல்லாம் சொன்னார்கள். யாரும் பதற வேண்டாம் என்றும் சொன்னார்கள். பெரியவர் வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி கடைவாயில் வழிந்தது, துடைத்தேன்.

அவள் வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், காலையில் வடித்த சோற்றைத் தட்டில் போட்டு மோர் ஊற்றிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். கணவர் பின்னாலேயே போனார்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“மதியம்.”

“மதியம்னா, டிவில சொல்றதுக்கு முன்னாடியே?”

“ஆமாங்க.”

“அப்பா பணம்?”

“அங்கதான் இருக்கு.”

“என் கடைப் பணம்?”

“அதுவும்தான்.”

“சிஸ்டரம்மா பணம்?”

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, கூடத்தில் இருந்த என்னைப் பார்த்தாள். “அதுவும்.”

“ஊருக்கெல்லாம் நாற்காலி போட்டு டோக்கன் குடுத்தியே, வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வைக்கத் தெரியலையா உனக்கு? அடுத்த வாரம் சரக்குக்காரனுக்கு நான் என்ன குடுப்பேன்? உன் பித்தளையவா?”

“கத்தாதடா” என்றார் பெரியவர் படுக்கையிலிருந்து. “அவ எடுத்து வச்சிருந்தா நாளைக்கு அவளை உள்ள வச்சிருப்பானுங்க. அப்புறம் எனக்கு நகம் நீயா வெட்டுவே? விரலோட வெட்டிடுவே.”

“அப்பா, நீங்க சும்மா இருங்க.”

“சும்மாத்தானே படுத்திருக்கேன்.”

கணவர் கோபமாக வாசலுக்குப் போய்விட்டார். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அலுவலகத்தில் நடந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். அழுகை இல்லை. மாதக் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். கடைசியில் மட்டும், “தையல்காரர் டோக்கனைத் திருப்பிக் குடுத்தார் மாமா. நான் வாங்கிக்கிட்டேன்” என்றாள். அதையே இன்னொரு முறையும் சொன்னாள்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“யாருக்கும் தெரியல. மாசக்கணக்குலகூட ஆகலாம்.”

“அறை போயிடும்.”

“தெரியும் சிஸ்டரம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க நின்னப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் தெரியாது என்று மழுப்பியிருந்தால் மறுநாள் நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்திருக்க மாட்டேன். பாத்திரங்களை எடுத்து வைத்தேன். பெரியவரை இடது பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்தேன். இடுப்புச் சிவப்பைக் காட்டி, எந்தப் பக்கம் படுக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

“நாளைக்கு வருவீங்களா?”

“காலை மருந்து யாரு குடுக்கறது, உங்க வீட்டுக்காரரா?” என்றேன்.

மறுநாள் காலை நான் போகும்போது அவள் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். பெரியவர் சட்டை வேண்டும் என்றார். வெள்ளைச் சட்டை.

“எதுக்கு?”

“பாங்குக்குப் போகணும். எவ்வளவு குடுக்கறானோ அதை வாங்கணும். என் பணம்.”

“அதுக்கு உங்க பிள்ளை போகலாம்.”

“என் கைநாட்டு என் பிள்ளைகிட்டயா இருக்கு? தள்ளும்மா வண்டியை. காத்தும் வாங்கின மாதிரி இருக்கும்.”

நோயாளி வெளியே போக வேண்டும் என்று தானாகக் கேட்டால் நான் தடுப்பதில்லை. மருந்தைக் கொடுத்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்புக்கு மெத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். என் பாஸ்புக்கும் பையில்தான் இருந்தது.

தெரு வேறு மாதிரி இருந்தது. ஒரு நாற்காலிகூட இல்லை. விடிந்ததும் முதல் வேலையாக வாடகைக் கடைக்காரரை வரவழைத்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். டோக்கனும் இல்லை. அறிவிப்புத் தாள் கதவில் ஒட்டியிருந்தது. ஆனால் அவள் படியில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கு அதை வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். இவ்வளவுதான் எடுக்கலாம், மீதி எங்கேயும் போகாது, எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு கூட்டம் கேட்டுவிட்டு நகர்ந்ததும் அடுத்த கூட்டத்துக்கு முதலிலிருந்து ஆரம்பித்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. ஒருவர் திட்டினார், நின்று கேட்டுக்கொண்டாள். ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றப் போவதுபோலக் குனிந்து, அங்கே சிமெண்டுத் தரைதான் இருந்ததால் நிமிர்ந்துவிட்டாள்.

நாங்கள் வரிசையில் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் படிக்கு அருகே தையல்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்.”

“சொல்லக் கூடாதுங்க.”

“வாயால சொல்ல வேண்டாம். டோக்கனை வாங்காம இருந்திருக்கலாமே. கண்ணை இப்படி ஒரு சிமிட்டு சிமிட்டியிருந்தா நான் புரிஞ்சுக்க மாட்டேனா?”

“அதுவும் சொன்ன மாதிரிதாங்க.”

“அப்போ என் பொண்ணு கல்யாணம்?”

“தேதி வச்சாச்சா?”

“வச்சாச்சு.”

“தள்ளி வைக்கறதா இருந்தா வைங்க. வைக்காம நம்பி இருக்காதீங்க. இதைத்தான் என்னால சொல்ல முடியும்.”

“நல்லா இருக்கு. இனிமே உங்க ரவிக்கையெல்லாம் என்கிட்டக் குடுக்காதீங்க. ஊசியை உள்ளயே விட்டுத் தைச்சிடுவேன்.”

சுற்றி இருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். தையல்காரர் ஆவேசமாகத் திரும்பியவர், சக்கர நாற்காலியைப் பார்த்து நின்றார். அந்தத் தெருவில் பெரியவரைத் தெரியாதவர்கள் கிடையாது. படுக்கையில் விழும் வரை அங்கே இருந்த மகனுடைய கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர்.

“நீங்களுமா? உங்களுக்குமா சொல்லல?”

“எனக்கு எங்க சொல்றா? நகம் வெட்டறதோட சரி” என்றார் பெரியவர். தையல்காரருக்கு அந்தக் குழறல் புரியவில்லை, நான் திருப்பிச் சொன்னேன். “இந்த அம்மாவுக்கும் சொல்லல. இவங்க பணமும் மாட்டிக்கிச்சு” என்று இடது கையால் என்னைக் காட்டினார். அதை நான் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவருக்கே புரிந்துவிட்டது. மேனேஜர் வீட்டுப் பணமும் உள்ளேதான் இருக்கிறதாம் என்று அவர் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். அது வரிசை நெடுகப் போயிற்று. சத்தம் நிற்கவில்லை, தணிந்தது.

தையல்காரர் ஒதுங்கி வழி விட்டார். பிறகு, “வண்டியை முன்னாடி கொண்டு வாங்கம்மா. பெரியவர் எவ்வளவு நேரம் உக்காந்திருப்பார்?” என்றார்.

“வேண்டாம்” என்றார் பெரியவர். “முன்னாடி போனா மருமக திட்டுவா.”

முறை வந்தபோதுதான் கவுண்டருக்குப் போனோம். கைநாட்டு வைப்பவர்களுக்கு மேனேஜர் நேரில் வந்து, ஆள் இன்னார்தான் என்று உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. படியில் இருந்தவளை உள்ளே கூப்பிட்டார்கள். வந்தாள். தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“பேர் சொல்லுங்க.”

“உன் மாமனார்.”

“மாமா, விதி இது. காசாளர் முன்னாடி நீங்களே சொல்லணும்.”

அவர் குழறிக் குழறிப் பெயரைச் சொன்னார். அவள் குனிந்து, மடங்கிக் கிடந்த வலது கையின் கட்டைவிரலைப் பிரித்து, மையில் ஒற்றி, தாளில் உருட்டி எடுத்தாள். முந்தின நாள் வெட்டிய நகம் என்பதால் ரேகை சுத்தமாக விழுந்தது. பணத்தை நான் வாங்கி அவர் சட்டைப் பையில் வைத்தேன். அடுத்து நான் பணம் எடுக்கும் சீட்டை நீட்டினேன். காசாளர் எண்ணும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

“அறைக்கு என்ன பண்ணப் போறீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“மாடியில ஒண்ணு காலியா இருக்காம். முன்பணம் கம்மி.”

“மாடி ஏற உங்களுக்கு முட்டி விடாதே சிஸ்டரம்மா.”

“விடாதுதான். அடுத்தவங்களைக் கூப்பிடுங்க, நிக்கறாங்க.”

அவள் படிக்குத் திரும்பிப் போனாள். நாங்கள் தெருமுனையைத் தாண்டும் வரை அவள் குரல் கேட்டது. இவ்வளவுதான் எடுக்கலாம், மீதி எங்கேயும் போகாது.

வீட்டுக்கு வந்து பெரியவரைக் கட்டிலில் படுக்க வைத்து, சிவந்த இடத்தில் மருந்து தடவினேன். கட்டைவிரலில் இருந்த மையை எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். நக இடுக்கில் கொஞ்சம் தங்கிவிட்டது. அதை எடுக்க நகவெட்டியின் நுனி வேண்டும். அது அவள் வேலை, அவள் வந்து செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.